எந்தப் பக்கமிருந்து எண்ணுவது

பீர்க்கன்கரணை,
22.9.2024

அன்புத் தங்கை பேபிக்கு,

அண்ணன் டேனியல் எழுதுவது. நானும் ஜெசிந்தாவும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோயில்களுக்குப் பூசை அப்பம் சுடும் அடுப்படியில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்குமே. தைலம் தீர்ந்திருந்தால் எழுது. போன் அவசரத்துக்கு மட்டும் என்பது உங்கள் மடத்துச் சட்டம். அதனால் பதினாறு வருஷமாகத் தபால்காரரை நம்பித்தான் உனக்கு அண்ணனாக இருந்து வருகிறேன்.

அண்ணனுக்கு என்னதான் வேலை என்று மடத்தில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன். காற்றாலை இறக்கை ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது மீட்டர் நீளம். அது அடியில் ஒரு இரும்பு வளையத்தில் உட்கார்ந்திருக்கும். காற்றுக்குத் தக்கபடி இறக்கையைத் திருப்பிக் கொடுப்பது அந்த வளையம்தான். பேரிங் என்போம். மறைமலை நகரில் எங்கள் சோதனைக் கூடத்துக்கு இப்போது வந்திருப்பது இரண்டரை மீட்டர் அகலம். சுற்றிலும் தொண்ணூற்றாறு போல்ட் துளைகள்.

இந்தக் காலத்தில் பேரிங்கை முதலில் கம்ப்யூட்டருக்குள் செய்து, அதற்குள்ளேயே காற்றடிக்கவிட்டு, எந்த இடம் எவ்வளவு இழுபடும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு நிஜம்தானா என்று பார்க்க, நிஜ இரும்பை அழுத்திப் பார்த்தாக வேண்டும். அங்கேதான் நான் வருகிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு பட்டை, கேஜ் என்று பெயர். வரைபடம் சொல்லும் துளையின் ஓரத்தில் அதைப் பசை போட்டு ஒட்டினால், இரும்பு மயிரிழை நீண்டாலும் காட்டிக்கொடுக்கும். இந்த வாரம் பன்னிரண்டு இடத்தில் ஒட்டி முடித்தேன்.

கணக்குப் போட்டவள் விஷ்ணுப்ரியா என்று ஒரு பெண். சிட்லபாக்கம். இருபத்தாறு வயது, முதல் வேலை. நான் ஒட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தாள். "உங்க கை நடுங்கவே மாட்டேங்குதே அண்ணா" என்றாள். என்னோடு வேலை செய்யும் குப்புராஜ், "டேனியலு ஒட்டினா இன்னாத்துக்குமா திரும்பிப் பாக்கணும்? பதினெட்டு வருசமா பாத்துகினு கீறேன்" என்றான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்.

உன் அண்ணன்,
டேனியல்


கார்மேல் மடம்,
13.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் நலம். முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். தைலம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மாலைப் பேச்சு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். அறுபது மீட்டர் இறக்கை என்றதும், நம் கோயில் கோபுரத்தைவிட உயரமா என்று ஒரு சகோதரி கேட்டார். இரண்டு மடங்கு என்று அடித்துவிட்டேன். சரிதானே? அந்தப் பெண்ணுடைய கணக்கு சரியாக வர வேண்டும் என்று எங்கள் வேண்டுதல் பட்டியலில் எழுதிப் போட்டிருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு.

தங்கை பேபி


பீர்க்கன்கரணை,
3.11.2024

அன்புத் தங்கை பேபிக்கு,

இங்கே சுகம். மழை தொடங்கிவிட்டது. ஏரி நிறைந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வேண்டுதல் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பேரிங்கை இரண்டு பெரிய இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஏற்றி, போல்ட் முறுக்கி, போன வாரம் அழுத்திப் பார்த்தோம். பன்னிரண்டில் இரண்டு இடம் மட்டும் கணக்கோடு அச்சாகப் பொருந்தின. ஒன்றாம் துளை, அதற்கு நேர் எதிரே நாற்பத்தொன்பதாம் துளை. மற்றவை பொருந்தவில்லை. பத்து சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். ஆனால் முப்பது, நாற்பது என்று வருகிறது.

அந்தப் பெண் சாப்பிடக்கூடப் போகாமல் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். எங்கள் மேலாளர் ஏகநாதன் சார் எல்லார் முன்னாலும், "ரெண்டு வருஷம் படிச்சது இதுக்குத்தானாம்மா?" என்று கேட்டுவிட்டார். பிறகு அவள் என்னிடம் வந்து, "அண்ணா, ஒட்டினப்ப எடுத்த போட்டோவை ஒரு தடவை பாக்கலாமா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "பதினெட்டு வருஷமா ஒட்டறேம்மா. உன் கம்ப்யூட்டரைப் போய்ப் பாரு" என்றேன். சங்கடப்பட்டுப் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன் டேனியல்


கார்மேல் மடம்,
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நம் கணக்கு டீச்சர் என்னைக் கரும்பலகை முன்னால் நிறுத்திய நாள்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் வளையத்தால் இங்கே ஒரு சண்டை. வட்டத்துக்கு முதல் எது, கடைசி எது, ஒன்றாம் துளை என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். அதில் எண் வெட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். சரி, அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணுகிறார் என்றே வைத்துக்கொள்வோம், வளையத்தைப் புரட்டிப் போட்டால் வலம் இடமாகிவிடாதா, எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று கேட்டார் அவர். எனக்குப் பதில் தெரியவில்லை. சமையலறைத் தட்டை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எழுதுங்கள், அவர் வாயை அடைக்க வேண்டும்.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. வழக்கம்போல கிறிஸ்துமஸ் வரை கடிதம் தரவும் மாட்டார்கள், அனுப்பவும் விடமாட்டார்கள். அதற்கு முன் எழுதினால் நல்லது.

தங்கை பேபி


பீர்க்கன்கரணை,
29.11.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். மழை விடாமல் பெய்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஜெசிந்தா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டாள்.

கோபுரத்தைப் போல இரண்டு மடங்கா என்று கேட்டிருந்தாய். கிட்டத்தட்ட சரி.

வேறு விசேஷம் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

டேனியல்


கார்மேல் மடம்,
28.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலன் பிறந்த மகிழ்ச்சியுடன் எழுதுகிறேன். திருவிழாவுக்கு நாற்பதாயிரம் அப்பம் சுட்டோம். கையெல்லாம் கோதுமை மணம்.

உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் எழுதியிருக்கிறதோ என்று. எழுதவில்லை. துளை விஷயத்தை மறந்துவிட்டீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அவள் கணக்கு சரியாயிற்றா? வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?

தங்கை பேபி


பீர்க்கன்கரணை,
26.1.2025

அன்புத் தங்கை பேபிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வயிறு சரியில்லை. சாப்பிட்டது தங்குவதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கவலைப்படாதே.

கணக்கு பொருந்திவிட்டது. பொருந்தவைத்தார்கள். போல்ட் எவ்வளவு இறுக்கம், உள்ளே உருளும் குண்டுகளுக்கும் வளையத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, உராய்வு எவ்வளவு என்று கணக்குக்குள் சில எண்கள் உண்டு. அவற்றை மாற்றி, சோதனையில் வந்ததோடு ஒத்துப்போகும்வரை நகர்த்தச் சொன்னார் ஏகநாதன் சார். அவள் முதலில் மாட்டேன் என்றாள். "இந்த நம்பருக்கெல்லாம் அர்த்தமே இல்ல சார், இரும்பு இப்படி நடந்துக்காது" என்றாள். "இரும்பு நடந்துக்கிச்சும்மா, டேனியல் அளந்திருக்கார்" என்றார் அவர். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாற்றிக்கொடுத்தாள். அறிக்கை வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. இனி இதே கணக்கை வைத்து நாலு மீட்டர் பேரிங் செய்வார்களாம். அதைச் சோதித்துப் பார்க்க எங்கும் இயந்திரம் இல்லை, கம்ப்யூட்டர் சொல்வதுதான்.

அவளை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

ஜெபித்துக்கொள்.

டேனியல்


கார்மேல் மடம்,
23.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வயிற்றுக்காக மடமே வேண்டிக்கொள்கிறது. மோர் குடியுங்கள், காரம் வேண்டாம்.

மார்ச் ஐந்து சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கடிதம் இல்லை. நீங்கள் அனுப்பினாலும் மதர் மேசையில் கட்டாக இருக்கும், யாரும் பிரிக்கமாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதங்களை எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணா. எதை எழுதாமல் வைத்திருக்கிறீர்கள்?

தங்கை பேபி


பீர்க்கன்கரணை,
9.3.2025

பேபி,

இதை ஈஸ்டருக்குப் பிறகுதான் பிரிப்பாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

நவம்பரில் உன் கடிதம் வந்த மறுநாள் காலை பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அதைப் படித்தேன். தட்டை வைத்துத் திருப்பிப் பார்த்தோம் என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. போனை எடுத்தேன். ஒட்டியபோது எடுத்த போட்டோக்களில் ஒன்றில் வளையம் முழுதும் தெரிகிறது. வரைபடம் இறக்கைப் பக்கமிருந்து பார்த்து வரைந்தது. போட்டோவில் வளையம் மறுபக்கம் மேலே இருக்கும்படி கிடக்கிறது. அந்தப் பக்கத்துக்கான முத்திரை எழுத்து பளிச்சென்று தெரிகிறது. நான் அப்படியே வலமாக எண்ணி ஒட்டியிருக்கிறேன். பதினேழாம் துளை என்று நான் ஒட்டியது எண்பத்தொன்றாம் துளை. எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறியிருக்கிறது. ஒன்றும் நாற்பத்தொன்பதும் மட்டும் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே இடம். அதனால்தான் அவை மட்டும் பொருந்தின.

இரண்டு ரயில்களை விட்டுவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் நீ நம்புவாய், ஆனால் அது உண்மையில்லை. குப்புராஜ் என்னை எப்படிப் பார்ப்பான் என்றுதான் பயந்தேன். பதினெட்டு வருஷமாக யாரும் என் வேலையைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தப் பெண் கேட்டபோது எல்லார் காதிலும் விழும்படி சிரித்தவன் நான். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

அவள் போட்ட கணக்கு சரி பேபி. என் பொய்க்குப் பொருந்தும்படி அதைக் கெடுத்திருக்கிறார்கள். அதை நம்பி நாலு மீட்டர் பேரிங் செய்து காற்றாலைக் கோபுரத்தில் ஏற்றுவார்கள். மேலே போல்ட் முறுக்க ஆள் ஏறும். கீழே யாராவது ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாளை திங்கட்கிழமை ஏகநாதன் சாரிடம் சொல்லப் போகிறேன். ஜெசிந்தாவிடம் இப்போதுதான் சொன்னேன். "இதுக்காய்யா மூணு மாசமா ரசஞ்சாதம் துன்னே?" என்று கேட்டாள். பிறகு அழுதாள்.

டேனியல்


பீர்க்கன்கரணை,
13.4.2025
குருத்து ஞாயிறு

அன்புத் தங்கை பேபிக்கு,

இதையும் முந்தைய கடிதத்தோடு சேர்த்துத்தான் படிப்பாய்.

ஏகநாதன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். போட்டோவைப் பார்த்தார். "ரிப்போர்ட் போயிடுச்சு டேனியல். இப்ப இதைக் கிளறினா கூடமே காலி. அடுத்த சோதனையில சரி பண்ணிக்கலாம், யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார். வெளியே வந்தேன். சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று முதலில் லேசாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. விஷ்ணுப்ரியா வேறு வேலை தேடுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிறு மாலை சிட்லபாக்கம் போனேன். அவள் அப்பா ராஜகோபாலன் கதவைத் திறந்தார், ஓய்வு பெற்ற பேங்க்காரர். "டேனியல் சாரா? உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவா, வாங்கோ" என்றார். அவள் அம்மா காபி கலக்கப் போனார். விஷ்ணுப்ரியா வந்து, "என்னண்ணா திடீர்னு?" என்று சிரித்தாள். நான் போனை நீட்டினேன்.

போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். முத்திரை எழுத்தைப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நவம்பர் கடைசி."

"டிசம்பர்ல கேன்டீன்ல அழுதேனே. நீங்கதான் டீ வாங்கிக் குடுத்தீங்க. அப்பத் தெரியுமா?"

"தெரியும்மா."

"கணக்குன்னா அப்படித்தான், சரியாயிடும்னு சொன்னீங்களே."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். காபி வந்து ஆறிக்கொண்டிருந்தது. ராஜகோபாலன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் திட்டினேன் சார் அவளை. கணக்கு ஒழுங்காப் போடத் தெரியலைன்னா எதுக்கு அந்த வேலைன்னு கேட்டேன். எத்தனை நாள் கேட்டேன்" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அரைமணி நேரம் கழித்து லேப்டாப்போடு வந்தாள். கண் சிவந்திருந்தது. பழைய கணக்கை, அவள் முதலில் போட்டதை, அழிக்காமல் வைத்திருந்தாள். என் பன்னிரண்டு அளவுகளையும் அவை உண்மையில் இருந்த துளைகளுக்கு மாற்றிப் போட்டாள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் நின்றபடி பார்த்தோம். திரையில் அவள் கணக்கின் கோடும் என் அளவுகளின் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன, ஒன்றிரண்டு இடம் தவிர. அவள் அப்பா, "இதுல எதும்மா நீ போட்டது?" என்று கேட்டார். அவள் நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு நன்றியும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஏகநாதன் சார் ரூம்ல இருங்க, சார்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் போனோம். அவர் மறுபடி கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்தவில்லை. "அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்கு சார். நான் அதைத் திரும்ப வாங்கிக்கறேன்னு கஸ்டமருக்கு எழுதப் போறேன். நீங்க எழுதினா நல்லா இருக்கும்" என்றாள். மதியத்துக்குள் அவரே எழுதினார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இனி கேஜ் ஒட்டக் கூடாது. ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். முழுவதையும் பிரித்து, குப்புராஜ் புதிதாக ஒட்டி, மறுபடி சோதனை. குப்புராஜ் முதல் நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் வந்து, "எங்கையில சொல்லியிருக்கலாம்ல டேனியலு, ரெண்டு பேருமா போயி நின்னுருப்போம்" என்றான்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

டேனியல்


கார்மேல் மடம்,
22.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கும் அண்ணிக்கும்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மதர் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார். தோட்டத்தில் வைத்துப் படித்தேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. நாற்பது நாள் பதினான்கு பேர் உங்கள் வயிற்றுக்காகச் செபமாலை சொல்லியிருக்கிறோம்! வயிறு குணமாகிவிட்டதா என்று இன்று காலைகூட ஒருவர் கேட்டார். குணமாகிவிட்டது என்றேன். அது பொய்யில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தப் பெண்ணை நினைத்தேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயை நினைத்தேன். உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு வார்த்தை வரவில்லை அண்ணா, தேடவும் இல்லை. நான் கேட்ட கேள்விதான் உங்களை அந்த ரயிலடியில் நிறுத்திவைத்தது என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. பதில் எழுதாதபோதே நான் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். போன் அவசரத்துக்கு மட்டும் என்கிறார்கள். அது அவசரம்தான். எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஸ்டோரில் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா? நாற்காலி கேட்டு வாங்குங்கள். மறுசோதனை எப்படி வந்தது என்று எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

தங்கை பேபி


பீர்க்கன்கரணை,
22.6.2025

அன்புத் தங்கை பேபிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நாற்காலி கொடுத்துவிட்டார்கள். வெயில்தான் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மறுசோதனை. கூடத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடத்தின் பெரிய கதவுதான் தெரியும். பேரிங்கை அழுத்தும் பம்ப் ஓடும் சத்தம் தரையில் அதிர்ந்து வரும். அதை வைத்து எத்தனையாவது அழுத்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு நின்றது. வெகுநேரம் யாரும் வரவில்லை.

பிறகு விஷ்ணுப்ரியா வெளியே வந்தாள். கேன்டீன் பக்கம் போகிறாள் என்று நினைத்தேன். நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். இந்த மூன்று மாதத்தில் ஏதாவது பொருள் வேண்டுமென்றால் சீட்டுதான் அனுப்புவாள், நேரில் வந்ததில்லை.

"பதினொண்ணு பொருந்திடுச்சு" என்றாள். "எல்லாமே ஆறு பர்சென்டுக்குள்ள. நான் முதல்ல போட்ட கணக்குதான், ஒரு நம்பர்கூட மாத்தல."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். "பன்னிரண்டாவது?"

"அது பதினாலு காட்டுது. குப்புராஜ் அண்ணா ஒட்டினது சரியாத்தான் இருக்கு, நானும் கூட நின்னு பாத்தேன்." ஜன்னல் கட்டையில் கையை வைத்துக்கொண்டாள். "அது என்னோட தப்பு. குண்டு போடற துளைக்குப் பக்கத்துல வளையத்தைக் கணக்குல ரொம்ப விறைப்பா எடுத்துட்டேன். உள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சரி பண்ண ரெண்டு வாரம் கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

அவ்வளவுதான் பேபி. சொல்லிவிட்டு, ஒரு பெட்டி கையுறை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயிலில் கூடத்தைப் பார்த்து நடந்தாள். பதினொன்றரைக்குத் தெரிந்த தப்பை பன்னிரண்டு மணிக்குள் சொல்லி முடித்துவிட்டாள். அவள் போட்ட கையெழுத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முழங்காலுக்குத் தைலம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜெசிந்தா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
டேனியல்